மலை மாவட்டத்தில் மேசைக்கணினி மென்பொருள்: எந்த நிரல்மொழியில் எழுதுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில் பச்சைத் தேயிலை வாங்கும் தொழிற்சாலைகள், காய்கறி மண்டிகள், கூட்டுறவுச் சங்கங்கள், லாட்ஜுகள் ஆகியவற்றுக்கு மென்பொருள் எழுதித் தருபவர்களும் எழுதக் கற்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. இந்த இடங்களில் பெரும்பாலும் ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான் இருக்கும். அதோடு ஒரு மின்னணுத் தராசு, ஒரு பிரிண்டர். மழைக்காலத்தில் இணையத்தை நம்ப முடியாது. அதனால்தான் உலாவியில் ஓடும் மென்பொருளை விட்டுவிட்டு, கம்ப்யூட்டரிலேயே நிறுவி ஓடும் மென்பொருளைப் பற்றி மட்டும் இங்கே பேசுகிறோம்.

சுருக்கமாக ஒரு பதில் வேண்டும். எந்த மொழி?

விண்டோஸ் மட்டும்தான், தராசும் பிரிண்டரும் இணைக்க வேண்டும், நாள் முழுக்க ரசீது போட வேண்டும் என்றால் சி ஷார்ப்பில் வின்ஃபார்ம்ஸ் (மைக்ரோசாஃப்டின் திரை வடிவமைப்புக் கருவி). கம்ப்யூட்டர் மிகப் பழையது, அல்லது விண்டோஸும் லினக்ஸும் கலந்திருக்கின்றன என்றால் லாசரஸ் (பாஸ்கல் மொழியில் எழுதும் இலவசக் கருவி). ஏற்கெனவே வலைத்தளமாக எழுதியதை மேசைக்குக் கொண்டுவர வேண்டும், கம்ப்யூட்டரில் 8 ஜிபி நினைவகம் இருக்கிறது என்றால் எலக்ட்ரான் (வலைத்தள நிரலை மேசை மென்பொருளாக்கும் கருவி). கணக்கீடும் அறிக்கையும்தான் முக்கியம், பயன்படுத்தப்போவது நீங்களோ உங்கள் அலுவலகமோ என்றால் பைத்தான்.

இப்படிப் பிரிப்பதற்குக் காரணம் ஒன்றுதான். பந்தலூரில் நிறுவிய மென்பொருள் காலையில் நின்றுபோனால், குன்னூரிலிருந்து போய்ச் சரிசெய்து திரும்புவதற்குள் ஒரு நாள் போய்விடும். ஆடி மாதமென்றால் வழியில் மரம் விழாமல் இருக்க வேண்டும். அந்த ஒரு நாளும் இலையோடு வந்து நிற்கும் விவசாயிக்கு ரசீது கிடைக்காது. மொழியின் அழகும் வேகமும் பிறகு பார்க்க வேண்டியவை. எந்த மொழியில் எழுதினால் இரண்டாம் முறை போக வேண்டியிருக்காது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். கீழே வரும் எல்லாப் பதில்களும் அந்தக் கணக்கில் சொல்லப்படுபவை.

தொழிற்சாலையில் இன்னும் விண்டோஸ் 7 தான் ஓடுகிறது. அதில் என்னென்ன வேலை செய்யும்?

விண்டோஸ் 7-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-இல் நிறுத்தியது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. கம்ப்யூட்டர் வேலை செய்யும் வரை முதலாளி அதை மாற்றமாட்டார் என்பதால் இந்தக் கேள்வி இன்னும் சில ஆண்டுகளுக்கு இருக்கும்.

மொழிக் கருவிகள் ஒவ்வொன்றாக விண்டோஸ் 7-ஐக் கைவிட்டுவிட்டன. அதில் ஓடும் கடைசிப் பதிப்புகள் இவை: பைத்தான் 3.8, கோ 1.20, ரஸ்ட் 1.77, எலக்ட்ரான் 22, க்யூட்டி (திரை வடிவமைப்பு நூலகம்) 5.15. சி ஷார்ப் நிரல்களை ஓட்டும் டாட்நெட் 8-உம் அதற்குப் பிந்தியவையும் விண்டோஸ் 10 கேட்கும். உங்கள் மேசையில் விண்டோஸ் 11-இல் அழகாக ஓடிய பைத்தான் நிரல், அங்கே போனதும் ஏதோ ஒரு டிஎல்எல் கோப்பு இல்லை என்று சொல்லித் திறக்காமலே நின்றுவிடும். அந்த டிஎல்எல்லை இணையத்தில் தேடி இறக்கிப் போடாதீர்கள். நிரலில் கோளாறு இல்லை. அந்த விண்டோஸில் இல்லாத ஒன்றைப் புதிய பைத்தான் கேட்கிறது, அவ்வளவுதான்.

விண்டோஸ் 7-இல் தலைவலி இல்லாமல் ஓடுபவை மூன்று: டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8 (டாட்நெட்டின் பழைய வடிவம்), ஜாவா 8, லாசரஸில் கட்டிய நிரல். ஃபிரேம்வொர்க் 4.8-க்கு சர்வீஸ் பேக் 1 கட்டாயம். இன்னொன்றையும் கவனியுங்கள். இணையமே இல்லாத விண்டோஸ் 7-இல் ஃபிரேம்வொர்க்கின் ஆஃப்லைன் நிறுவி, சான்றிதழ்ச் சங்கிலியை உறுதிசெய்ய முடியவில்லை என்று பிழை காட்டி நின்றுவிடும். மைக்ரோசாஃப்டின் 2011 மூலச் சான்றிதழ் அந்தக் கம்ப்யூட்டரில் இல்லாததே காரணம். அந்தச் சான்றிதழ்க் கோப்பையும் பென்டிரைவில் எடுத்துப்போய், கணினிக் கணக்கின் நம்பகமான மூலச் சான்றிதழ்கள் பகுதியில் முதலில் சேர்த்துவிட்டு நிறுவியை ஓட்டுங்கள்.

சி ஷார்ப் என்றால் பழைய ஃபிரேம்வொர்க்கா, புதிய டாட்நெட்டா?

ஃபிரேம்வொர்க் 4.8, விண்டோஸ் 10-இன் பிந்திய பதிப்புகளிலும் விண்டோஸ் 11-இலும் கூடவே வருகிறது. எனவே உங்கள் நிரல் சில நூறு கேபி அளவில் இருக்கும். கோப்பை நகலெடுத்தால் ஓடும். விண்டோஸ் இருக்கும் வரை அதுவும் இருக்கும். குறை, சி ஷார்ப்பின் புதிய வசதிகள் கிடைக்காது, மொழி 7.3 பதிப்போடு நின்றுவிடுகிறது.

புதிய டாட்நெட்டில் ஓடுதளத்தையும் சேர்த்தே பொதிந்து கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால் வின்ஃபார்ம்ஸ் நிரல் 100 எம்பியைத் தாண்டும். பென்டிரைவில் கொண்டுபோகும்போது அந்த அளவு ஒரு பொருட்டே இல்லை. கவனிக்க வேண்டியது ஆயுள்: நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கே மூன்று ஆண்டுகள்தான். டாட்நெட் 8-க்கு 2026 நவம்பர் வரை, டாட்நெட் 10-க்கு 2028 நவம்பர் வரை. ஆண்டுக்கு ஒருமுறையாவது போய்ப் புதுப்பிக்கும் ஒப்பந்தம் இருந்தால் புதியதில் எழுதுங்கள். ஒருமுறை வைத்துவிட்டு வருவதென்றால் 4.8-இலேயே எழுதுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பச்சை இலைக் கணக்குக்குத் தேவையானது எல்லாம் அதில் இருக்கிறது.

பைத்தான்தான் எனக்கு நன்றாக வரும். அதிலேயே எழுதக்கூடாதா?

எழுதலாம். எழுதுவது சுலபம், பிறர் கையில் கொடுப்பதுதான் சிரமம். பைத்தான் நிரலை இயங்குகோப்பாக்கும் பைஇன்ஸ்டாலரில் ஒரே கோப்பாகக் கட்டினால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அது தன்னை ஒரு தற்காலிகக் கோப்புறையில் விரித்துக்கொண்ட பிறகே ஓடும். சுழலும் ஹார்ட்டிஸ்க் உள்ள பழைய கம்ப்யூட்டரில் இது கண்கூடாகத் தெரியும் தாமதம். எழுத்தர் பொறுமையிழந்து நாலைந்து முறை க்ளிக் செய்வார், நாலைந்து சாளரம் திறக்கும். சில வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் இந்த விரித்தலைப் பார்த்துச் சந்தேகப்பட்டுக் கோப்பையே நீக்கிவிடும். இரண்டுக்கும் தீர்வு, கோப்புறையாகக் கட்டும் முறை. கோப்புகள் நிறைய இருக்கும், ஆனால் வேகமாகத் திறக்கும், வைரஸ் எச்சரிக்கையும் குறையும். அதோடு ஏற்கெனவே ஒரு பிரதி ஓடுகிறதா என்று நிரல் தொடங்கியதும் சரிபாருங்கள். பைஇன்ஸ்டாலர் எந்த இயங்குதளத்தில் ஓடுகிறதோ அதற்குத்தான் கட்டும். லினக்ஸில் உட்கார்ந்து விண்டோஸுக்குக் கட்ட முடியாது.

திரைக்குப் பைத்தானோடு வரும் டிகிண்டர் போதுமா என்றால், விண்டோஸில் போதும். லினக்ஸில் அதன் அடித்தளமான டிகே 8.6 தமிழ் எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்காது. ‘கோத்தகிரி’ என்று கொடுத்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். லினக்ஸும் வேண்டுமென்றால் க்யூட்டியைப் பைத்தானில் தரும் பைசைடு 6 எடுங்கள். அதன் உரிமம் எல்ஜிபிஎல் என்பதால் விற்கும் மென்பொருளிலும் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். அதே வேலையைச் செய்யும் பைக்யூட்டி ஜிபிஎல் உரிமம். மூலநிரலைத் தர விருப்பமில்லை என்றால் வணிக உரிமம் வாங்க வேண்டியிருக்கும்.

எலக்ட்ரான் கனமானது என்கிறார்கள். உண்மையா?

உண்மை. ஒவ்வொரு நிரலும் ஒரு முழு குரோமியம் உலாவியைத் தூக்கிக்கொண்டு வருகிறது. வெறும் காலிச் சாளரமே 100 எம்பிக்கு மேல் நினைவகம் எடுக்கும். 4 ஜிபி கம்ப்யூட்டரில் டேலியும் குரோமும் கூடவே திறந்திருந்தால் எல்லாமே தள்ளாடும். மறுபக்கம், தமிழைக் காட்டுவதில் இதைவிட நம்பகமான வழி கிடையாது. குரோமில் தெரிவது அப்படியே தெரியும். எண்களையும் இந்திய முறையில், 12,34,567 என்று, கூடுதல் வேலையின்றிப் பிரித்துக் காட்டும்.

தராசு, தரவுத்தளம் போன்றவற்றுக்கான கூறுகளை எலக்ட்ரானின் பதிப்புக்கு ஏற்ப மறுபடி தொகுக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். நோடில் (ஜாவாஸ்கிரிப்ட் ஓடுதளம்) ஓடிய கூறு எலக்ட்ரானில் பதிப்பு எண் பொருந்தவில்லை என்று நின்றால் காரணம் இதுதான்.

டாரி இதற்கு இலேசான மாற்று. தனி உலாவியைச் சுமக்காமல் விண்டோஸின் உலாவிக் கூறான வெப்வியூ 2-ஐப் பயன்படுத்துவதால் நிறுவி சில எம்பியில் முடிந்துவிடும். விண்டோஸ் 11-இல் வெப்வியூ கூடவே இருக்கிறது. விண்டோஸ் 10-இல் இல்லாமல் போகலாம். வழக்கமான நிறுவி அதை இணையத்திலிருந்து இறக்கப் பார்க்கும். இணையம் இல்லாத இடமென்றால் வெப்வியூவின் ஆஃப்லைன் நிறுவியையும் சேர்த்துப் பொதியுங்கள். அப்போது கோப்பு 100 எம்பிக்கு மேல் பெருத்துவிடும், அது பரவாயில்லை. பின்புறம் ரஸ்டில் எழுத வேண்டும் என்பதுதான் பலரைத் தயங்க வைக்கிறது.

ஜாவா?

கல்லூரியில் படித்த ஜாவா வீணாகாது. அதன் திரை நூலகமான ஸ்விங் இன்றும் நன்றாக ஓடுகிறது. ஜேடிகே (ஜாவா உருவாக்கத் தொகுப்பு) 9 முதல் எழுத்து வடிவமைப்பை ஹார்ஃப்பஸ் நூலகம் செய்வதால் தமிழும் சரியாக வரும். இன்னொரு திரை நூலகமான ஜாவாஎஃப்எக்ஸ் ஜேடிகே 11 முதல் தனியாகப் பிரிந்துவிட்டது, சேர்த்துப் பொதிய வேண்டும். ஜாவா நிறுவுங்கள் என்று வாடிக்கையாளரிடம் சொல்லாதீர்கள்; ஜேடிகே 16 முதல் நிலைத்த வடிவில் இருக்கும் ஜேபேக்கேஜ் கருவியால் ஓடுதளத்தோடு சேர்த்து ஒரே நிறுவியாகக் கட்டுங்கள். ஒரு குறை: ஜாவாவின் எண் வடிவமைப்பில் ஒரே ஒரு பிரிப்பு அளவுதான் உண்டு, லட்சம், கோடி முறையில் காற்புள்ளி வராது. பல மொழிகளின் எண், எழுத்து முறைகளைக் கையாளும் ஐசியு நூலகத்தைச் சேர்க்க வேண்டும், அல்லது பத்து வரியில் நீங்களே எழுதிக்கொள்ள வேண்டும்.

லாசரஸ் என்று ஒன்று சொன்னீர்கள். யாரும் பேசுவதில்லையே?

பாஸ்கல் கருவியான டெல்ஃபி தெரிந்தவர்களுக்கு லாசரஸ் புதிதல்ல. ஃப்ரீ பாஸ்கல் மொழியில் எழுதி, இழுத்துவைத்துத் திரை வடிவமைத்து, ஒரே ஒரு இயங்குகோப்பாகக் கட்டலாம். ஓடுதளம் என்று எதையும் தனியாக நிறுவ வேண்டியதில்லை. 2 ஜிபி நினைவகமுள்ள கம்ப்யூட்டரிலும் உடனே திறக்கும். கருவி முழுவதும் இலவசம், விற்கவும் தடையில்லை.

முதல் முறை கட்டியதும் கோப்பு 20 எம்பிக்கு மேல் இருப்பதைப் பார்த்துப் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அதில் பெரும்பகுதி பிழைதிருத்தத் தகவல். வெளியீட்டு அமைப்பில் அதை நீக்கிக் கட்டினால் சில எம்பிக்கு இறங்கிவிடும். இரண்டாவது கவலை நியாயமானது: உங்களுக்குப் பிறகு இதைப் பார்த்துக்கொள்ள பாஸ்கல் தெரிந்த ஆள் கிடைப்பது அரிது. தொழிற்சாலைக்காரரிடம் இதை முன்கூட்டியே சொல்லி, மூலநிரலையும் ஒரு பிரதி கொடுத்துவையுங்கள்.

சி++ அல்லது ரஸ்டில் எழுதினால் வேகமாக இருக்காதா?

இருக்கும், ஆனால் யாருக்கும் தெரியாது. தராசு நிலைக்கவும் ரசீது அச்சாகவும் ஆகும் நேரத்தின் முன் மொழியின் வேகம் கணக்கிலேயே வராது. படங்களைக் கையாளும் மென்பொருள், கேமராவிலிருந்து நேரடியாக இலைத் தரம் பார்ப்பது போன்ற வேலைகளுக்கு சி++, க்யூட்டி நல்ல தேர்வு. மற்றபடி வேண்டாம்.

தராசை இணைத்தால் எடை சில நேரம் பாதிதான் வருகிறது. மொழியின் கோளாறா?

எந்த மொழியிலும் வரும் கோளாறு இது. இலைத் தராசுகளில் பெரும்பாலும் ஆர்எஸ்-232 முனை இருக்கும். வழக்கமான அமைப்பு 9600 வேகம், 8 தரவுபிட், சமநிலைபிட் இல்லை, 1 நிறுத்தபிட். இந்த வேகத்தில் நொடிக்குச் சுமார் 960 எழுத்துகள் வரும். இயங்குதளம் அவற்றைத் தன் வசதிக்கேற்பத் துண்டுதுண்டாகத் தரும். 37.40 என்ற எடை, முதலில் ‘37.’ என்றும் அடுத்து ‘40’ என்றும் வரலாம். முதல் துண்டை அப்படியே எண்ணாக மாற்றினால் விவசாயிக்கு 400 கிராம் போயிற்று.

வந்ததையெல்லாம் ஒரு இடைக்கிடங்கில் சேர்த்துவையுங்கள். வரி முடிவுக் குறி வந்த பிறகே ஒரு வரியை எடுங்கள். நிரல் தொடங்கியதும் வரும் முதல் வரியைத் தூக்கி எறியுங்கள், அது நடுவில் தொடங்கியிருக்கும். எடை நின்றுவிட்டதற்கான குறியைத் தராசு அனுப்பினால் அதைப் பாருங்கள். அனுப்பாவிட்டால் தொடர்ந்து ஐந்து வாசிப்பும் ஒன்றாக இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். பைத்தானின் பைசீரியலில் ஒரு பொறி இருக்கிறது: வரி படிக்கும் கட்டளை, நேரம் கடந்துவிட்டால் பாதி வரியையும் முழு வரி போலத் திருப்பித் தரும். கடைசியில் வரி முடிவுக் குறி இருக்கிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

சி ஷார்ப்பில் தரவு வந்தது என்ற நிகழ்வு வேறொரு இழையில் நடக்கும். அங்கிருந்து திரையைத் தொட்டால் பிழை வரும். அதைத் தவிர்க்க, வேலையைத் திரை இழையிடம் கொடுத்து அது முடியும் வரை காத்திருக்கும் இன்வோக் கட்டளையைப் பயன்படுத்துவார்கள். அப்போது போர்ட்டை மூடும்போது திரை இழையும் தராசு இழையும் ஒன்றுக்கொன்று காத்திருந்து நிரல் உறைந்துபோகும். காத்திருக்காத பிகின்இன்வோக்கைப் பயன்படுத்தினால் இந்த உறைதல் வராது.

யூஎஸ்பி மாற்றி வாங்கும்போதும் கவனம் வேண்டும். சிஎச்340 சில்லு உள்ளவற்றில் பொதுவாக வரிசை எண் இருக்காது. எனவே வேறு துளையில் செருகினால் காம் எண் மாறிவிடும்; அறையைக் கூட்டிச் சுத்தம் செய்த பிறகு தராசு வேலை செய்யவில்லை என்று போன் வருவது இதனால்தான். எஃப்டிடிஐ சில்லுக்கு வரிசை எண் உண்டு, எந்தத் துளையில் செருகினாலும் எண் மாறாது. விலை சற்றுக் கூடுதல், ஆனால் ஒரு பயணச் செலவைவிடக் குறைவு.

பெயர்ப் பட்டியல் தமிழ் அகரவரிசையில் வரவில்லை. தேடினாலும் சில பெயர்கள் கிடைப்பதில்லை. ஏன்?

இரண்டும் வேறுவேறு காரணங்கள். மொழியைக் குறை சொல்வதற்கு முன் யூனிகோடைப் புரிந்துகொள்ள வேண்டும்.

யூனிகோடு அட்டவணையில் எழுத்துகளின் வரிசை ந, ன, ப, ம, ய, ர, ற, ல, ள, ழ, வ என்று போகிறது. நம் வரிசை அதுவல்ல. அட்டவணை எண்ணை வைத்து அடுக்கினால் அழகன் முன்னும் அவினாஷ் பின்னும் வருவார்கள். நம் வரிசையில் வ முதலில், ழ பிறகு என்பதால் மாறி வர வேண்டும். புள்ளியும் ஒரு சிக்கல். அட்டவணையில் புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருப்பதால் அகிலாவுக்குப் பிறகு அக்கம்மாள் வருவார். அகராதி முறையில் க் முந்தியது. ஒரே கோப்பில் இயங்கும் தரவுத்தளமான எஸ்கியூலைட் இயல்பாகச் செய்வது இந்த அட்டவணை வரிசைதான்.

ஐசியு நூலகம் இதைச் சரியாகச் செய்யும். எலக்ட்ரானில் அது உள்ளேயே இருக்கிறது. ஜாவாவுக்கும் பைத்தானுக்கும் தனியாகச் சேர்க்கலாம். எங்கள் பரிந்துரை எல்லா மொழிக்கும் பொருந்துவது: ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் அகராதி வரிசைப்படி ஓர் எண் கொடுத்து, பெயரை அந்த எண்களின் தொடராக மாற்றித் தனி நெடுவரிசையில் சேமியுங்கள். அடுக்குவதை அந்த நெடுவரிசையில் செய்யுங்கள். நாற்பது வரிக்குள் முடியும் வேலை. பிறகு தரவுத்தளத்தை மாற்றினாலும் கெடாது.

தேடல் கிடைக்காததற்குக் காரணம், ஒரே எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும் என்பது. ‘கொலக்கம்பை’யின் முதல் எழுத்தில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், எகரக் கொம்பும் துணைக்காலும் என்று இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நிரலுக்கு இரண்டும் வேறு. சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் யூனிகோடின் என்எஃப்சி முறைப்படி (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் முறை) இயல்பாக்குங்கள். சி ஷார்ப், ஜாவா, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் நான்கிலும் இதற்கு உள்ளமைந்த கட்டளை இருக்கிறது.

நீளமும் ஏமாற்றும். ‘நீலகிரி’ நமக்கு நான்கு எழுத்து, யூனிகோடில் 7 குறியீடு, யூடிஎஃப்-8-இல் 21 பைட். பெயருக்கு 20 இடம் என்று பழைய பழக்கத்தில் ஒதுக்கினால் எங்கே வெட்டும் என்று சொல்ல முடியாது.

எழுத்துரு விஷயம் சுருக்கமாக: விண்டோஸ் 8 முதல் நிர்மலா யூஐ கூடவே வருகிறது. லதா விண்டோஸ் 10-இல் விருப்பக் கூறாகிவிட்டது. இரண்டையும் நம்பாமல், நோட்டோ சான்ஸ் தமிழை நிரலோடு சேர்த்துக் கொடுப்பதே பாதுகாப்பு.

ரசீதில் தமிழ் அச்சாகவில்லை, கேள்விக்குறியாக வருகிறது. என்ன செய்வது?

தெர்மல் பிரிண்டர்களில் உள்ளமைந்த தமிழ் எழுத்து பொதுவாகக் கிடையாது. எழுத்தாக அனுப்பினால் குப்பைதான் வரும். ரசீதைப் படமாக வரைந்து அனுப்ப வேண்டும். 80 மிமீ காகிதத்தில் அச்சாகும் அகலம் வழக்கமாக 72 மிமீ, அதாவது 576 புள்ளி. 58 மிமீ காகிதத்தில் 384 புள்ளி. அந்த அகலத்துக்கே படத்தை வரைந்து, சாம்பல் நிறமில்லாமல் வெறும் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். பெரிதாக வரைந்து சுருக்கினால் புள்ளியும் கொம்பும் கரைந்துபோகும். சி ஷார்ப்பில் விண்டோஸ் டிரைவர் வழியாக வரைந்தால் இந்த வேலையை டிரைவரே பார்த்துக்கொள்ளும். நாங்கள் சி ஷார்ப்பை முன்னிறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

டாட் மேட்ரிக்ஸ் என்றால் படமாக அனுப்பலாம், ஆனால் மிக மெதுவாக ஓடும். வரிசையில் ஆட்கள் நிற்கும் மாலை நேரத்தில் அது ஒத்துவராது. தமிழ்த் தலைப்புகளை அச்சகத்தில் அடித்த ரசீதுத் தாளை வாங்கி, எண்களை மட்டும் எழுத்து முறையில் நேரடியாகப் பிரிண்டருக்கு அனுப்புங்கள். ஒரு நொடியில் வெளியே வரும், கார்பன் பிரதியும் கிடைக்கும்.

ஒரே கணக்கு, இரண்டு மொழிகளில் ஒரு பைசா வித்தியாசம் வருகிறது. எது சரி?

இந்தக் கேள்வியை ஒருபோதும் ஒதுக்கக்கூடாது. ஒரு பைசாதான், ஆனால் விவசாயியின் நோட்டில் ஒன்றும் தொழிற்சாலைப் பேரேட்டில் ஒன்றும் இருந்தால் நம்பிக்கை போய்விடும்.

எடுத்துக்காட்டாக 37.4 கிலோ இலை, மழை ஈரத்துக்கு 5 சதவீதம் கழிவு, கிலோ ரூ.22.50 என்று வைத்துக்கொள்வோம். கழிவு போக 35.53 கிலோ. தொகை ரூ.799.425. இதை இரண்டு தசமத்துக்குக் கொண்டுவரும்போதுதான் வித்தியாசம் பிறக்கிறது. சி ஷார்ப்பின் வழக்கமான ரவுண்ட் கட்டளையும் பைத்தானின் டெசிமல் வகையும் சரிபாதி வந்தால் இரட்டைப்படை எண்ணுக்குப் போகும்: ரூ.799.42. விபி6 (விஷுவல் பேசிக் 6), டெல்ஃபி ஆகியவற்றின் ரவுண்ட் கட்டளைக்கும் இதே வழக்கம்தான். பைசாவாக, அதாவது 79942.5 என்று, ஜாவாவின் ரவுண்டிடமோ ஜாவாஸ்கிரிப்டின் ரவுண்டிடமோ கொடுத்தால் பாதியை மேலே தள்ளும்: ரூ.799.43. இரண்டில் எது வேண்டும் என்பதைத் தொழிற்சாலையிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு நிரலில் அந்த முறையை வெளிப்படையாகப் பெயர் சொல்லி எழுதுங்கள். மொழியின் வழக்கத்துக்கு விடாதீர்கள்.

பணத்துக்கு மிதவைப்புள்ளி எண் வேண்டவே வேண்டாம். சி ஷார்ப்பில் டெசிமல், ஜாவாவில் பிக்டெசிமல், பைத்தானில் டெசிமல், லாசரஸில் கரன்சி என்று தனி வகைகள் இருக்கின்றன. ஆனால் தரவுத்தளத்தில் தவறிவிடுவார்கள்: எஸ்கியூலைட்டில் டெசிமல் என்று நெடுவரிசைக்குப் பெயர் வைத்தாலும் உள்ளே மிதவைப்புள்ளியாகத்தான் போய் உட்காரும். எடையைக் கிராமாகவும் தொகையைப் பைசாவாகவும் முழு எண்ணில் சேமியுங்கள். 35530 கிராம், 2250 பைசா, பெருக்கி 1000-ஆல் வகுத்து, ஒரே ஒரு இடத்தில் முழுமையாக்குங்கள்.

எடை போடும்போதே கரண்ட் போனால் கணக்கு என்னவாகும்?

எஸ்கியூலைட்டைச் சரியாகப் பயன்படுத்தினால் ஒன்றும் ஆகாது. ஒரு ரசீதுக்கு ஒரு பரிவர்த்தனை. தலைப்பு, எடைகள், தொகை மூன்றும் ஒன்றாகப் பதிவாக வேண்டும். வால் (WAL, மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதும்) முறையை வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒத்திசைவு அமைப்பை ஃபுல் என்று வையுங்கள். நார்மல் என்று வைத்தால் கோப்பு கெடாது, ஆனால் கரண்ட் போவதற்கு முன் போட்ட கடைசி ரசீதுகள் சில காணாமல் போகலாம். ரசீது விவசாயி கையில் இருக்கும், கணக்கில் இருக்காது.

பதிவான பிறகே அச்சிடுங்கள், அச்சிட்ட பிறகு பதிவு செய்யாதீர்கள். காப்புப்பிரதிக்காக ஓடிக்கொண்டிருக்கும் தரவுக்கோப்பை மட்டும் பென்டிரைவுக்கு நகலெடுத்தால், பக்கத்தில் உள்ள வால் கோப்பில் இருக்கும் அன்றைய பதிவுகள் விடுபடும். வேக்யூம் இன்டு கட்டளையால் முழுப் பிரதி எடுங்கள். 2019-க்குப் பிந்திய எஸ்கியூலைட் எல்லாவற்றிலும் அது இருக்கிறது.

இரண்டு மூன்று கம்ப்யூட்டர்கள் ஒரே கணக்கைப் பார்க்க வேண்டுமென்றால் எஸ்கியூலைட் கோப்பைப் பகிர்ந்த கோப்புறையில் வைக்காதீர்கள். பூட்டுகள் சரியாக வேலை செய்யாமல் கோப்பு கெடும். அங்கே போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை நிறுவுங்கள்.

பழைய விபி6 மென்பொருள் இருக்கிறது, பெயர்கள் பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில். புதிய மொழிக்கு எப்படி மாற்றுவது?

விபி6-இன் எழுதுகருவிக்கு ஆதரவு 2008 ஏப்ரலில் முடிந்துவிட்டது, ஆனால் அதில் கட்டிய நிரல்கள் விண்டோஸ் 11-இலும் ஓடுகின்றன. எனவே அவசரமில்லை. அதன் திரைப்பெட்டிகள் யூனிகோடை ஏற்காது என்பதால்தான் எல்லோரும் பாமினிக்குப் போனார்கள்.

பழைய தரவு ஆக்சஸ் கோப்பில் இருந்தால், அதைப் படிக்கும் பழைய ஜெட் டிரைவர் 32 பிட் மட்டுமே. மாற்றும் நிரலை 32 பிட்டாகக் கட்டாவிட்டால் டிரைவர் இல்லை என்று சொல்லும். எழுத்து மாற்றத்தில் நீண்ட தொடர்களை முதலில், ஒற்றை எழுத்துகளைக் கடைசியில் மாற்றுங்கள். பாமினியில் ஔகாரக் குறியும் ள எழுத்தும் ஒன்றே என்பதால் ‘வெள்ளி’ என்பது ‘வௌ்ளி’ என்று மாறும். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், தேடினால் கிடைக்காது. ஔகாரக் குறிக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது நிச்சயம் ள தான். மீதியில் கௌரி, மௌனிகா, சௌந்தர் போன்ற உண்மையான ஔகாரப் பெயர்களைப் பட்டியலிட்டு, அதில் இல்லாதவற்றை ஒருவர் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும். பேங்க் பாஸ்புக்கில் உள்ள ஆங்கிலப் பெயரையும் பக்கத்தில் காட்டினால் வேலை வேகமாக நடக்கும். திருத்தி முடிக்கும் வரை பழைய நெடுவரிசையை அழிக்காதீர்கள்.

நிறுவும்போது ‘உங்கள் கணினியை விண்டோஸ் பாதுகாத்தது’ என்று நீலத்திரை வருகிறது. சான்றிதழ் வாங்க வேண்டுமா?

இணையத்தில் இறக்கிய கோப்பில் விண்டோஸ் ஒரு அடையாளத்தை ஒட்டிவைக்கிறது. கையொப்பமில்லாத நிரலில் அந்த அடையாளம் இருந்தால் இந்த எச்சரிக்கை வரும். எந்த மொழியில் எழுதினாலும் இதேதான். ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் வடிவில் உள்ள பென்டிரைவில் அந்த அடையாளம் தங்காது, எனவே நேரில் போய் நிறுவும்போது பொதுவாகத் தொல்லை இருக்காது. 2023 ஜூன் முதல் கையொப்பச் சாவியை வன்பொருள் டோக்கனிலோ அதற்கு இணையான பாதுகாப்பிலோதான் வைக்க வேண்டும் என்பதால் செலவும் கூடிவிட்டது. பத்துப் பன்னிரண்டு இடங்களுக்குக் கொடுப்பவர் அதை வாங்க வேண்டியதில்லை. தளத்தில் வைத்து எல்லோருக்கும் விற்பதென்றால் வாங்கித்தான் ஆக வேண்டும்.